பன்னிரண்டு கூடைகளும் ஓர் அலமாரியும்



சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; தம் பங்கின் பேரவையில் பல்லாண்டுகள் உழைத்தவர். சினத்தில் எழுதிய கடிதமன்று; மனம் நொந்து எழுதியது. அதன் சாரத்தைக் கீழே தருகிறேன்.

அக்டோபர் 4-ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளன்று, அவர்கள் பங்கில் படைப்பைப் போற்றும் விழா எடுத்தார்கள். ஆலயத்தைச் சுற்றி 50 மரக்கன்றுகளை நட்டார்கள். சிறுவர் பாடினார்கள், பெரியவர் பேசினார்கள். விழாவை அறிவிக்கும் ஃபிளக்ஸ் தட்டி தெருமுனையில் இருபதடி உயரத்திற்கு நின்றது. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவை கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆலயத்தை அடுத்த அறையில் 40 ஆண்டுகளாக இருந்துவரும் பங்கு நூலகத்தை மூடிவிடுவது. நூல்களைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுவது. அந்த அறையில் திருவிழா நாற்காலிகளை அடுக்கி வைப்பது.

"மரம் நடக் கை தூக்கியவர்களும் நூலகத்தை மூடக் கை தூக்கியவர்களும் ஒரே மனிதர்கள்தாம், சுவாமி. இந்த இரண்டிற்கும் தொடர்பே இல்லை என்கிறார்கள். தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது; எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை. நான்தான் காலத்திற்கு ஒவ்வாத கிழவனோ?" என்று கேட்டு முடித்திருந்தார்.

ஐயா, தாங்கள் காலத்திற்கு ஒவ்வாதவர் அல்லர். அந்தத் தொடர்பை எடுத்துச் சொல்ல இம்மாதம் முயல்கிறேன்.

மீந்த துண்டுகள்

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரின் பசி தீர்த்த நிகழ்ச்சியை நாம் நன்கறிவோம். அதன் இறுதிப் பகுதியை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். எல்லாரும் வயிறார உண்டபின், எதுவும் வீணாகாதவாறு மீந்த துண்டுகளைச் சேர்க்கும்படி இயேசு சீடர்களைப் பணித்தார் என்று புனித யோவான் எழுதுகிறார். கூடைகள் பன்னிரண்டு நிரம்பின.

சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு சொல்லால் அப்பத்தைப் பலுகச் செய்தவருக்கு மீந்த துண்டுகள் எதற்கு? நாளை பசித்தால் நாளையும் பலுகச் செய்யலாமே? ஆயினும் அவர் அப்படி எண்ணவில்லை. தம் கையிலிருந்து எளிதாக வந்தது என்பதற்காக அதை எளிதாக எறிந்துவிட அவர் இடம் தரவில்லை. கொடையை மதிப்பது கொடுத்தவரை மதிப்பதாகும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கையொப்பமிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் இந்த உண்மையைத்தான் உலகின் முன் வைத்தது. 'இறைவா, உமக்கே புகழ்' என்பது அதன் பொருள். பயன்படுத்திவிட்டு எறிந்துவிடும் பண்பாட்டை அவர் அங்கே கடிந்துரைக்கிறார். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? தாள்! உலகில் உண்டாக்கும் தாளில் பெரும்பகுதி மீண்டும் பயனுக்கு வராமல் எறியப்படுகிறது என்று கூறுகிறார். இயற்கையிலோ எதுவும் வீணாவதில்லை. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிறது என்பதையும் அங்கேயே சுட்டிக்காட்டுகிறார்.

நூலகம் என்பது என்ன? ஒருவர் படித்து முடித்த நூலை மற்றொருவர் படிக்கும்படி சேர்த்து வைக்கும் கூடை. நூறு வீடுகள் நூறு படிகள் வாங்க வேண்டிய இடத்தில் ஒரே படி நூறு வீடுகளுக்கும் சென்று வருகிறது. நூறு படிகளுக்கு வேண்டிய மரமும் நீரும் மையும் மின்சாரமும் மிச்சமாகின்றன. 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்ற சொல்லே பிறவாத காலத்தில் நூலகம் அதைச் செய்துவந்தது.

துறவியரின் பழைய வழக்கம்

இது நமக்குப் புதிய செய்தியன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் தரவேண்டும் என்றும், அதை முதலிலிருந்து இறுதிவரை படிக்கவேண்டும் என்றும் விதித்தார். அதே ஒழுங்கில் மடத்தின் மண்வெட்டி முதலிய கருவிகளைப் பற்றியும் பேசுகிறார். எந்தக் கருவி யாரிடம் உள்ளது என்பதற்கு மடத்தின் தலைவர் ஒரு பட்டியல் வைத்திருக்கவேண்டும். அசட்டையாகக் கையாள்பவர் கண்டிக்கப்பெறவேண்டும். மடத்தின் பாத்திரங்களையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல எண்ணவேண்டும். நூலுக்கு ஒரு நெறி, மண்வெட்டிக்கு வேறொரு நெறி என்று அவர் பிரிக்கவில்லை. இரண்டும் பொதுவுடைமை, இரண்டும் திரும்பி வரவேண்டியவை.

இன்று மேலை நாட்டு நூலகங்கள் அந்தப் பழைய வழியைப் புதிதாகக் கண்டுபிடித்துள்ளன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-ஆம் ஆண்டிலேயே சுத்தியல், இரம்பம், துளையிடும் கருவி முதலியவற்றை நூல்களைப் போலவே இரவல் தரத் தொடங்கியது. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறக்கப்பெற்ற 'ஓடி' நூலகத்தில் தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. கிழிந்த சட்டையை யாரும் அங்கே சென்று தைத்துக்கொள்ளலாம். ஆண்டில் இருமுறை பயன்படும் கருவியை வீட்டுக்கொன்றாய் வாங்கிப் பரண்மேல் துருப்பிடிக்க விடுவதைவிட, ஊருக்கொன்றாய் வைத்துப் பகிர்ந்துகொள்வது சிறந்ததன்றோ?

நம் பங்குகளிலும் இத்தகைய ஏற்பாடு இருந்ததே! சபையார் வாங்கி வைத்த அண்டாக்களும் தாம்பாளங்களும் கலியாண வீட்டிற்கும் துக்க வீட்டிற்கும் மாறிமாறிச் சென்று வந்ததை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். பின்பு மலிவான நெகிழித் தட்டுகள் வந்தன. அண்டாக்கள் மூலைக்குப் போயின. ஒரே முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தமிழக அரசு தடை விதித்துள்ளது. ஆயினும் அசன விருந்துக்கு மறுநாள் நம் ஆலய வளாகங்களைப் பார்த்தால் அந்தத் தடை நமக்கில்லை என்றே தோன்றும். பங்கு நூலகத்தின் ஒரு மூலையில் சில நூறு எவர்சில்வர் தட்டுகளையும் குவளைகளையும் வைத்து, நூலைப் போலவே பதிவேட்டில் எழுதிக் கொடுத்து வாங்கினால் என்ன?

பெயர் தெரியாததைக் காக்க இயலுமோ?

நூலகத்தின் பணி சிக்கனத்தோடு முடிந்துவிடுவதில்லை. இன்னும் ஆழமான பணி ஒன்று உண்டு. அது நினைவைக் காப்பது.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 'இராப்பினாட் உலர்தாவரகம்' என்றோர் இடம் உள்ளது. அங்கே பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு ஒருவரின் பெயரைத் தாங்கி 1967-இல் தொடங்கியது அது. செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, அதன் பெயரையும் கிடைத்த இடத்தையும் நாளையும் பறித்தவர் பெயரையும் எழுதி அடுக்கி வைப்பார்கள். செடிகளாலான நூலகம் என்றே அதைச் சொல்லலாம். அதை வளர்த்தவர் சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார். காடு மேடெல்லாம் நடந்து திரட்டிய செடிகளைக் கொண்டு தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் பல தொகுதிகளையும், பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பிற்பாடு தனி நூலையும் வெளியிட்டார். 2004-இல் இறைவனடி சேர்ந்தார்.

இதனால் யாது பயன் என்று கேட்கலாம். ஐம்பதாண்டுகளுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் இன்ன செடி இருந்தது என்று தாள் சொல்கிறது. இன்று சென்று பார்த்தால் அது இல்லை. இழந்தோம் என்ற அறிவே அந்தத் தாள் இருப்பதால்தான் கிடைக்கிறது. தாள் இல்லையேல், இழந்ததும் தெரியாமல் நிறைவோடு வாழ்ந்திருப்போம். ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டதாகத் தொடக்கநூல் கூறுவது வீணன்று. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வந்தவனுக்கு அதில் உள்ளவற்றின் பெயர் தெரிந்திருக்கவேண்டும்.

வித்தும் நூலும்

விதையை இரவல் தரும் நூலகங்களும் இருக்கின்றன. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் 2010-இல் அப்படி ஒன்று தொடங்கியது. வசந்தத்தில் விதை பெற்றவர் விளைந்தபின் ஒரு பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறார். ஆனால் இதற்காக நாம் அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 'நெல்' ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் போன்ற நம் பாட்டன் காலத்து நெல்வகைகளை நூற்றுக்கும் மேலாகத் தேடித் திரட்டினார். விழாவிற்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார், விலை இல்லை. அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் பரப்பிய விதை பல மாவட்டங்களின் வயல்களில் இருக்கிறது.

நெல்லைக் குதிருக்குள் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். விதையைக் காப்பதற்குச் சிறந்த வழி அதைக் கொடுத்துவிடுவதே. நூலகத் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது விதியின் கருத்தும் ஏறக்குறைய இதுதான். பூட்டி வைப்பதற்காக நூல்கள் உண்டாகவில்லை, பயன்படவே உண்டாயின என்பதை அவர் தம் கலையின் அடிப்படையாக வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசல் என்னும் ஊரில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். அதைத் திறந்து வைத்தவரும் அரங்கநாதனே. எண்ணெயும் புகையுமின்றி இரண்டு காளைகள் இழுத்துச் சென்ற அந்த வண்டியைவிடப் பசுமையான நூலகம் ஏது?

கட்டடமும் கற்பிக்கும்

நூலகக் கட்டடமே ஒரு பாடமாக அமையலாம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடங்களுக்கு வழங்கும் பன்னாட்டுத் தங்கத் தரச்சான்றைப் பெற்றது. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் 2016-இல் பசுமை நூலக விருதொன்றை ஏற்படுத்தியது. வெள்ளம் ஆண்டுதோறும் சாலைகளை மூழ்கடிக்கும் வங்காள தேசத்தில், முகமது ரெசுவான் என்னும் கட்டடக் கலைஞர் 1998-இல் தோற்றுவித்த அமைப்பு, பள்ளியையும் நூலகத்தையும் படகுகளிலேயே அமைத்துச் சூரிய ஒளியில் மின்சாரம் எடுத்து நடத்துகிறது. பருவநிலை மாறிவரும் உலகில் நூலகம் தன்னையும் மாற்றிக்கொள்கிறது.

ஆனால் எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது போர்த்துகல் நாட்டின் கோயிம்பிரா பல்கலைக்கழக நூலகமே. 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் அலமாரிகளுக்குப் பின்னே வௌவால்கள் குடியிருக்கின்றன. இரவில் அவை வெளிவந்து, நூல்களை அரிக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன. ஊழியர்கள் மாலையில் மேசைகளைத் தோல் விரிப்பால் மூடிவிட்டுப் போகிறார்கள். காலையில் எச்சத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள். வௌவாலை விரட்டிவிட்டு நஞ்சைத் தெளித்திருக்கலாம். மாறாக, சிறிய தொல்லையைப் பொறுத்துக்கொண்டு பெரிய துணையைப் பெற்றார்கள்.

நம் முன்னோரும் இதில் குறைந்தவர் அல்லர். ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினார்கள். வசம்பைத் துணியில் முடிந்து சுவடிக்கட்டுகளின் இடையே வைத்தார்கள். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் அவ்வாறு காக்கப்பெற்ற சுவடிகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

கதவைத் திறந்தபோது

இவ்வளவையும் எழுதித் தலைமையாசிரியருக்கு அனுப்பிவிட்டு வாளாவிருக்க மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் ஊருக்குச் சென்றேன். பங்குத் தந்தை அன்போடு வரவேற்று, "நானே ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை; மக்கள் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன்" என்று கூறிச் சாவியைக் கொடுத்தார்.

நான்கு அலமாரிகள். ஒன்றின் அடித்தட்டைக் கறையான் தின்றிருந்தது. பேரவையினர் கூறியது முற்றிலும் பொய்யன்று; அங்கிருந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி பழைய தேர்வு வழிகாட்டிகளும், ஒரே நினைவு மலரின் பல படிகளுமாகவே இருந்தன. அவற்றைக் காக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். இளைஞர் மன்றத்தார் நால்வரும் மறைக்கல்வி ஆசிரியை ஒருவரும் உடனிருக்க, எல்லாவற்றையும் தரையில் பரப்பி மூன்று குவியல்களாகப் பிரித்தோம்.

மூன்றாவது அலமாரியில், பழைய திருப்பலிப் புத்தகங்களுக்கு அடியில், கோடிட்ட பெரிய கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்னொரு காலத்தில் அங்கே பணியாற்றிய பங்குத் தந்தை ஒருவர் தம் கைப்பட எழுதி வைத்த பங்கின் நாட்குறிப்பு. திருமுழுக்கு, சாவு, திருவிழாச் செலவு ஆகியவற்றோடு மழையையும் எழுதியிருந்தார். எந்த ஆண்டில் ஊருணி நிரம்பியது, எந்த ஆண்டில் எத்தனைப் படிகள் வெளியே தெரிந்தன, எந்தப் பஞ்சத்தில் மக்கள் கூடித் தூர் வாரினார்கள் என்றெல்லாம் குறித்திருந்தார். ஊருணிக்கு மூன்று வரத்துக்கால்கள் என்று எழுதி, கையால் ஒரு படமும் வரைந்திருந்தார்.

"இரண்டுதானே இருக்கின்றன, சுவாமி?" என்றான் ஓர் இளைஞன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்பு எங்களை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் பின்புறம் சென்றார். அங்கே ஊரின் குப்பைமேடு இருந்தது. அதன் ஓரத்தில் கருவேலம் புதருக்கடியில் கருங்கல் வைத்துக் கட்டிய வாய்க்காலின் விளிம்பு தெரிந்தது. தம் சிறு வயதில் அதில் கப்பல் விட்டதாகவும், அடியோடு மறந்துபோனதாகவும் சொன்னார். அந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு கால் இருந்ததே தெரியாது.

திரும்பி வரும் வழியில் நட்ட கன்றுகளை எண்ணினோம். 50-இல் 17 மட்டும் பச்சையாய் நின்றன. ஊருணியில் நீரில்லை, கிணறு கீழே போய்விட்டது, கன்றுகளுக்கு ஊற்ற லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரும் வழி எது என்று சொல்லும் ஒரே ஏடு அடுத்த வாரம் எடைக்குப் போக இருந்தது.

ஐயா, தாங்கள் தேடிய தொடர்பு இதுவே.

சில எச்சரிக்கைகள்

நூலகம் என்றதும் எல்லாம் நன்மையாகிவிடாது. மூன்றைச் சொல்லவேண்டும்.

முதலாவது, வாங்கிக் குவித்துக் கொடுக்காமல் பூட்டி வைக்கும் நூலகம் தாளுக்குக் கட்டிய கல்லறையே. ஒரு நூலால் மரம் மிச்சமாவது பலர் படிக்கும்போதுதான். நூல்கள் போகட்டும், சில திரும்பாமல் போகட்டும். பூட்டைவிட அந்த இழப்பு சிறிது.

இரண்டாவது, "இனி எல்லாம் கைப்பேசியில் படிக்கலாம், மரம் பிழைக்கும்" என்று சிலர் கூறுவர். கைப்பேசிக்கும் பூமியைத் தோண்டி எடுத்த உலோகங்கள் வேண்டும், மின்சாரம் வேண்டும், கெட்டுப்போனால் அது நஞ்சுள்ள குப்பையாகும். ஒரு கருவியைப் பல்லாண்டுகள் வைத்துப் பலநூறு நூல்களைப் படிப்பவருக்கு அது சிக்கனமே. ஆண்டுதோறும் புதியது வாங்குபவருக்கு அன்று. அதேபோல் தாள் என்றாலே வெட்டிய மரம் என்றும் எண்ணவேண்டாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1979-இல் அரசு நிறுவிய ஆலை கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்து பெயர் பெற்றது. எதைப் பயன்படுத்தினாலும் எவ்வளவு காலம், எத்தனை பேர் என்பதே கேள்வி.

மூன்றாவது, கழிக்கவேண்டியவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். தேர்வு வழிகாட்டிகளை எரிக்காமல் பழைய தாளாகவே கொடுங்கள், மீண்டும் தாளாகட்டும். ஆனால் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். பங்கின் நாட்குறிப்பு, பழைய படங்கள், ஊரைப் பற்றிய எந்தக் கையெழுத்துப் பிரதியும் தராசில் ஏறக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் பங்கில் நூலகம் இருந்தால் அடுத்த ஞாயிறு அதன் கதவைத் திறந்து பாருங்கள். இல்லையெனில் ஓர் அலமாரி போதும். ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம் திறந்திருக்கட்டும். அந்தப் பொறுப்பைச் சிறுவர் இருவரிடம் கொடுங்கள். ஜன்னலோரம் இருக்கைகளை அமைத்தால் பகலில் விளக்கு வேண்டாம். வசம்பையும் வேப்பிலையையும் முயன்று பாருங்கள். கறையான் வந்தால் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திக் கல்மேல் நிறுத்துங்கள்.

நூல்களோடு ஒரு தட்டில் விதைகளும் இருக்கட்டும். அவரை, புடல், கத்தரி, சுரை: உறையின் மேல் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். வாங்கியவர் விளைந்தபின் இரட்டிப்பாகத் தரட்டும். ஒரு வெற்றுக் குறிப்பேட்டையும் வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, ஊரின் குளங்கள், கால்வாய்கள், மரங்கள், முன்பு வந்து இப்போது வராத பறவைகள் ஆகியவற்றைப் பிள்ளைகள் அதில் எழுதட்டும். அவர்கள் கேட்காவிட்டால் அந்தப் பெரியவர்களோடு அந்த அறிவும் கல்லறைக்குப் போய்விடும்.

அரசு நூலகத்தையும் மறவாதீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதன்முதல் இயற்றியது 1948-இல் நம் சென்னை மாகாணமே. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். உறுப்பினராகச் சேருவதற்கு நம்முள் எத்தனை பேர் முயன்றிருக்கிறோம்?

வீட்டில் தாய் தந்தையர்க்கு ஒரு சொல். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கும் பரிசுகளில் ஒன்றை இரவல் நூலாகக் கொடுத்துப் பாருங்கள். "இது உனக்கு மட்டும் உரியதன்று; உனக்கு முன் ஒருவர் படித்தார், உனக்குப் பின் ஒருவர் காத்திருக்கிறார், கிழிக்காமல் கொடு" என்று சொல்லிக் கொடுங்கள். பூமியைப் பற்றி நாம் பிள்ளைக்குக் கற்பிக்கவேண்டியதும் அதுவே.

நூறாண்டுக்குப் பின்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. அந்தப் பனையின் ஓலையில்தான் நம் நூல்களெல்லாம் எழுதப்பெற்றன. நட்டவன் கண்டது மரத்தை மட்டுமே. எழுத்தைக் கண்டவன் பேரன்.

நார்வே நாட்டின் ஓஸ்லோ நகருக்கருகே 2014-இல் ஆயிரம் மரக்கன்றுகளை நட்டார்கள். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் ஒரு படைப்பை எழுதிக் கொடுக்கிறார்; யாரும் படிப்பதில்லை. நகர நூலகத்தின் தனி அறையில் அவை காத்திருக்கின்றன. 2114-இல் அந்த மரங்களிலிருந்து தாள் செய்து அவற்றை அச்சிடுவார்களாம். எழுதியவரும் நட்டவரும் அதைப் பார்க்கப்போவதில்லை. நாம் காணாத ஒரு தலைமுறையின்மேல் வைக்கும் நம்பிக்கை அது.

தலைமையாசிரியரின் பங்கில் பேரவை மீண்டும் கூடியது. நூலகத்தை மூடும் தீர்மானத்தைப் பாஸ்கு வரை ஒத்தி வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. வரத்துக்காலைத் திறக்கக் குப்பைமேட்டை அகற்றவேண்டும். அதற்கு ஊராட்சிக்கு மனு எழுதியிருக்கிறார்கள். நாட்குறிப்பின் படத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்தார்களாம். விடை இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் கதவு மட்டும் திறக்கிறது. முதல் வாரம் ஐவர், அடுத்த வாரம் பதினொருவர் வந்ததாக அவர் எழுதியிருக்கிறார். நாற்காலிகளோ இப்போதைக்கு ஆலயத்தின் பின்திண்ணையிலேயே அடுக்கிக் கிடக்கின்றன.

அந்த 17 கன்றுகளுக்காகவும், மழைக்காலத்திற்கு முன் அந்தக் கால் திறப்பதற்காகவும் இம்மாதம் உங்கள் குடும்பச் செபமாலையில் ஒரு மணியை ஒப்புக்கொடுங்கள். பின்பு எழுந்து சென்று உங்கள் பங்கின் அலமாரியையும் திறந்து பாருங்கள்.